இருபது வெள்ளி உறையும் ஒரு கடைக்கான முதலும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நோன்பு மாதம் வந்தால் உங்கள் நாளிதழின் உள்பக்கங்களில் ஒரே மாதிரியான படங்கள் வரும். அரிசிப் பையின் ஒரு முனையைச் சங்கத்துப் பெரியவர் பிடித்திருப்பார். மறுமுனையை ஒரு விதவைப் பெண் பிடித்திருப்பார். பின்னால் பதாகை தொங்கும். பெரியவர் கேமராவைப் பார்ப்பார், அந்தப் பெண் தரையைப் பார்ப்பார். அந்தப் படங்களில் இரண்டு மூன்றில் நானும் கொடுக்கிற பக்கம் நின்றிருக்கிறேன். பல நாளாக மனத்தில் கிடப்பதை இப்போது எழுதுகிறேன், தயவுசெய்து முழுதாகப் போடுங்கள்.

அரிசி கொடுப்பது தப்பு என்று சொல்ல வரவில்லை. பசியோடு இருப்பவருக்கு முதலில் சோறுதான். முதியவருக்கும் படுக்கையில் கிடப்பவருக்கும் கடைசி வரை கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் கையும் காலும் திடமாக இருந்து, சமைக்கவும் தைக்கவும் விற்கவும் தெரிந்த ஒருவருக்கு வருடா வருடம் அரிசிப் பையையே நீட்டிக்கொண்டிருக்கிறோமே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நம் கட்டாயத் தர்மமான ஸக்காத்தும் விருப்பத் தர்மமான ஸதகாவும் அப்படிப்பட்டவரின் ஒட்டுக்கடைக்கு, அதாவது சாலையோரச் சிறுகடைக்கு, முதலாகப் போக வேண்டும். அதுவும் பிய்த்துப் பிய்த்து இல்லாமல் ஒரே தடவையாக, போதுமான அளவுக்குப் போக வேண்டும்.

நான் பினாங்கில் 41 வருடம் மளிகைக் கடை நடத்தியவன். முதலில் சூலியா தெருவை ஒட்டிய சந்தில் வாப்பாவோடு இருந்தேன். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000ஆம் ஆண்டு பிறந்ததோடு முடிவுக்கு வந்ததும் அந்த இடத்து வாடகை எங்கள் கைக்கு அடங்கவில்லை. டத்தோ கிராமட் பக்கம் வந்துவிட்டோம். இப்போது மகன் கடையைப் பார்க்கிறான். நான் காலையில் ஒரு மணி நேரம் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறேன்.

மளிகைக்காரனுக்கு வறுமை எப்படித் தெரியும் என்றால் 555 புத்தகத்தில் தெரியும். அட்டையில் 555 என்று அச்சடித்த, சட்டைப் பையில் அடங்குகிற, கடன் கணக்கு எழுதும் அந்தச் சின்ன நோட்டை மலேசியாவில் அறியாதவர் இருக்க முடியாது. ஒரு காலத்தில் என் கடையில் எழுபது எண்பது நோட்டுகள் இருந்தன. பிளாக் வாரியாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டி வைத்திருப்பேன். ஒரு வீட்டில் வேலை போய்விட்டது என்பதை வீட்டுக்காரர் வாய்திறந்து சொல்வதற்கு முன்பே அவர் நோட்டு சொல்லிவிடும். மாதம் ஒரு மூட்டை அரிசி எடுத்த வீடு ஐந்து கிலோ பைக்கு இறங்கும். அப்புறம் கிலோக் கணக்கு. பெரிய மைலோ டின் நின்றுபோய்ச் சின்னப் பாக்கெட் வரும். கடைசியில் உப்பும் முட்டையும் மட்டும்.

2017இல் எனக்கு எதிர் பிளாக்கில் ஒரு தங்கை இருந்தார். பெயர் வேண்டாம். என் மகள் வயது, என்னை மாமா என்பார். கணவர் லோரி ஓட்டியவர், மாரடைப்பில் போய்விட்டார். மூன்று பிள்ளைகள். விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) கட்டி, ஆறரை மணிக்கு பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு மடக்கு மேசை போட்டு விற்பார். பொட்டலம் இரண்டு வெள்ளி (மலேசிய ரிங்கிட்). ஒரு நாளைக்கு அறுபது பொட்டலம் போகும். சம்பலில் கசப்பு வராமல் மிளகாய் வதக்கத் தெரிந்த கை. தொழிற்சாலைப் பஸ்ஸுக்கு நிற்கிற மலாய்ப் பெண்கள், சீனக் கிழவர்கள், நம்மவர்கள் எல்லாருமே வாங்குவார்கள்.

சரக்கு என்னிடம்தான், கடனில். சாயந்திரம் வந்து அன்றைய கணக்கை அடைப்பார். நெத்திலியை 100 கிராம் பொட்டலமாக வாங்குவார், ஒன்று 4 வெள்ளி 50 காசு. கிலோவாக எடுத்தால் 34 வெள்ளிக்குக் கொடுத்திருப்பேன். பத்துப் பொட்டலம் வாங்குகிறவர் 45 வெள்ளி கொடுக்கிறார் அல்லவா, அந்தப் பதினொரு வெள்ளி வித்தியாசம் அவருடைய கூலி. மிளகாய், நிலக்கடலை, வெங்காயம் எல்லாவற்றிலும் இதே கதைதான். முதல் இல்லாதவர் எதை வாங்கினாலும் கூடுதல் விலைக்குத்தான் வாங்குகிறார். அந்தக் கூடுதலில் ஒரு பகுதி என் கல்லாவுக்கும் வந்தது. அதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை.

ஒரு ஜனவரி மாதம் அவர் நோட்டில் ஒரு மாற்றம் பார்த்தேன். மூன்று கிலோ அரிசி இரண்டானது. மறு வாரம் ஒன்றரை. நெத்திலி இரண்டு பொட்டலம் ஒன்றானது. முட்டை முப்பதிலிருந்து பன்னிரண்டுக்கு வந்தது.

“என்னம்மா, வியாபாரம் குறைஞ்சு போச்சா?” என்று கேட்டேன்.

“இல்லை மாமா. ஆள் வர்றாங்க. நான்தான் கம்மியா கட்டுறேன்” என்றார்.

எட்டு மணிக்கெல்லாம் தீர்ந்துபோய், வந்தவர்கள் திரும்பிப் போகிறார்களாம். பிறகு மெல்ல மெல்லத்தான் விஷயம் வெளியே வந்தது. பள்ளி திறக்கிற நேரத்தில் மூன்று பிள்ளைகளுக்கும் சீருடை, சப்பாத்து, புத்தகப் பை என்று பணம் தேவைப்பட்டிருக்கிறது. வட்டி முதலையிடம், அதாவது கந்துவட்டிக்காரரிடம், 1,000 வெள்ளி கேட்டிருக்கிறார். கையில் கொடுத்தது 800. வாரா வாரம் 200 கட்ட வேண்டும், அதில் பாதிகூட அசலில் கழியாது. மறுநாள் சரக்கு வாங்க வேண்டிய பணம்தான் அங்கே போய்க்கொண்டிருந்தது. ஆள் வருகிறார்கள், ருசி இருக்கிறது, உழைப்பு இருக்கிறது. அரிசி வாங்கத்தான் பணமில்லை.

அந்த வருட ரமலானில் அவர் வீட்டுக்கு நான்கு அரிசிப் பை வந்தது. நான்கு சங்கங்கள் கொடுத்தவை. ஒரு பை நான் கொடுத்தது.

எங்கள் கடை வழக்கத்தையும் சொல்கிறேன். ரஜப் மாதத்தில் அரை நாள் கடையை மூடிச் சரக்கைக் கணக்கெடுப்போம். விற்பனைக்கு உள்ள சரக்கை அன்றைய விலையில் போடுவோம். கையிருப்பு, வங்கியில் உள்ளது, வந்துவிடும் என்று நம்புகிற கடன் இவற்றைச் சேர்ப்போம். நாம் கொடுக்க வேண்டியதைக் கழிப்போம். தராசு, அலமாரி, வேன் கணக்கில் வராது. மிச்சம் 85 கிராம் தங்கத்தின் விலையை எட்டி, ஒரு சந்திர ஆண்டும் கடந்திருந்தால் அதில் 2.5 விழுக்காடு ஸக்காத். அது நம் பணம் இல்லை. நம் பெட்டிக்குள் இருக்கிற பிறருடைய உரிமை. குர்ஆனின் தவ்பா அத்தியாயம் 60ஆம் வசனம் அந்த உரிமையாளர்கள் எட்டு வகையினர் என்கிறது. ஏழைகளும் வறியவர்களும் முதலில் வருகிறார்கள், கடனில் மூழ்கியவர்களும் அந்த எட்டுக்குள் இருக்கிறார்கள்.

கட்ட வேண்டிய ஸக்காத்தை ஸக்காத் அமைப்பின் முகப்பில் கட்டி ரசீது வாங்குவோம். அதற்கு மேல் வாப்பா காலத்திலிருந்து ஸதகாவாக 3,000 வெள்ளியை 150 உறைகளில் இருபது இருபதாகப் போட்டு, ரமலான் 27ஆம் இரவுக்கு முன் கடை வாசலில் கொடுப்போம். வரிசை சந்து முனை வரை நிற்கும். உம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு வந்த ஒரு சிறுமியை எனக்கு நினைவிருக்கிறது. இருபது வருடம் கழித்து அதே வரிசையில் தன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இருபது வெள்ளி இரண்டு நாள் சாமானுக்குக் காணும். மொத்தமாக 3,000 வெள்ளி என்றால் ஒரு குடும்பத்தையே அந்த வரிசையிலிருந்து வெளியே எடுத்திருக்கலாம். இருபது வருடத்தில் இருபது குடும்பம்.

அடுத்த ரமலானில் ஊரிலிருந்து வந்திருந்த ஹஜ்ரத் (மார்க்க அறிஞர்) ஒருவர் தராவீஹ் இரவுத் தொழுகைக்குப் பிறகு பேசினார். நாம் பின்பற்றும் மார்க்கச் சட்ட வழியான ஷாஃபி மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவி இதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார் என்று எடுத்துச் சொன்னார். தொழில் தெரிந்த ஏழைக்கு அந்தத் தொழிலின் கருவியோ அதற்கான முதலோ ஸக்காத்திலிருந்து கொடுக்கப்பட வேண்டும். கீரை விற்பவனுக்கு ஐந்து அல்லது பத்து திர்ஹம் (அக்கால வெள்ளிக் காசு) போதும். நகை வியாபாரம் தொழிலாக உள்ளவனுக்குக் குறைந்ததில் காரியம் ஆகாது என்றால் பத்தாயிரம் திர்ஹம்கூடக் கொடுக்கலாம். அந்த மத்ஹபின் நூல்களில் ரொட்டி சுடுபவனுக்கு 50, மளிகைக்காரனுக்கு 100 என்றுகூட வரிசை இருக்கிறது. நவவி இறந்தது 1277இல். கீரைக்காரனின் கூடைக்கு எவ்வளவு ஆகும் என்று ஓர் ஆலிம் உட்கார்ந்து கணக்குப் போட்டு ஏழு நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. நாமோ ஷாஃபி மத்ஹபு நடைமுறையில் உள்ள நாட்டில் இருந்துகொண்டு இருபது வெள்ளி உறை ஒட்டிக்கொண்டிருந்தோம்.

கோடரி ஹதீஸ் (நபிமொழி) எல்லாருக்கும் தெரியும். பிச்சை கேட்டு வந்த, மதீனாவைச் சேர்ந்த அன்சாரித் தோழரின் துணியையும் கிண்ணத்தையும் நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் இரண்டு திர்ஹத்துக்கு ஏலம் விட்டார்கள். ஒன்றுக்கு வீட்டுக்கு உணவு, மற்றொன்றுக்குக் கோடரி. வெள்ளிக்கிழமை குத்பா உரையில் பெரும்பாலும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் எனக்கு முக்கியமாகப் படும் இரண்டு விஷயங்கள் வருகின்றன. அந்தக் கோடரிக்குத் தம் கையாலேயே காம்பு போட்டுக் கொடுத்தார்கள். பதினைந்து நாள் உன்னை நான் இங்கே பார்க்கக் கூடாது, விறகு வெட்டி விற்று வா என்று தவணையும் சொன்னார்கள். அவர் பத்து திர்ஹம் சம்பாதித்துக்கொண்டு திரும்பி வந்தார். வயிற்றுக்கும் வழி செய்து, கருவியும் கொடுத்து, அதைப் பயன்படும் நிலையில் கொடுத்து, எப்போது வந்து பேச வேண்டும் என்றும் சொல்லியனுப்பிய உதவி அது.

நாங்கள் ஐந்து பேர் பேசினோம். மளிகை நான், ஒரு தையல் கடைக்காரர், ஒரு பணமாற்று வியாபாரி, இரண்டு நாசிக் (சோற்றுக்) கடைக்காரர்கள். ஸக்காத்தில் கை வைக்கவில்லை, அது போக வேண்டிய இடத்துக்கு முறைப்படி போனது. உறைக்கு ஒதுக்கும் ஸதகாவை மட்டும் ஒன்றாகச் சேர்த்தோம். எதிர் பிளாக்குத் தங்கைதான் முதல் ஆள். வட்டி முதலைக்கு மிச்சமிருந்த 1,150 வெள்ளியைத் தையல் கடைக்காரர் நேரில் போய்க் கட்டி, அடையாள அட்டை நகலைத் திரும்ப வாங்கி வந்தார். அது ஸதகா, திரும்ப வேண்டாம். மேலும் 2,000 வெள்ளி கர்ள் ஹஸன், அதாவது வட்டியில்லாத அழகிய கடன். வாரம் 40 வெள்ளி திருப்ப வேண்டும்.

இரண்டு அடுப்பு கேஸ் ஸ்டவ் ஒன்று, பெரிய சட்டி இரண்டு, ஒரு குடை, எஃகுத் தகடு போட்ட மேசை, ஒரு மாதச் சரக்கு. இவ்வளவுதான் வாங்கினோம். பட்டியலை அவரே எழுதினார். பழைய மடக்கு மேசை போதும் என்றார், அது ஆடும், சூடான சம்பல் கொட்டும் என்று நாங்கள்தான் மேசையைச் சேர்த்தோம்.

அப்புறம் டின் கதை. இதைச் சொல்லாவிட்டால் கடிதம் எழுதியே பயனில்லை. அவர் வீட்டில் பணம் ஒரே மைலோ டின்னில் இருக்கும். பிள்ளைக்குப் பென்சில் வேண்டுமா, அதிலிருந்துதான். நாளை அரிசி வேண்டுமா, அதிலிருந்துதான். நான் ஒரு பிஸ்கட் டின் கொண்டு போய்க் கொடுத்தேன். கடைப் பணம் பிஸ்கட் டின், வீட்டுப் பணம் மைலோ டின். காலை விற்பனை முழுதும் பிஸ்கட் டின்னுக்குள் போக வேண்டும். அதிலிருந்து நாளைச் சரக்கை எடுத்து வைத்துவிட்டு, தினம் 35 வெள்ளி அவருக்குச் சம்பளம். அது மைலோ டின்னுக்குப் போகும். பிஸ்கட் டின்னிலிருந்து வீட்டுக்கு எடுத்தால் 555 நோட்டில் சிவப்புப் பேனாவில் எழுத வேண்டும். சனிக்கிழமை பிற்பகல் அசர் தொழுகைக்குப் பிறகு என் மனைவியும் நானும் போவோம், மூவரும் உட்கார்ந்து நோட்டைப் பார்ப்போம். முதல் மாதம் சிவப்பு நிறைய. கோபித்துக்கொள்ளாமல் ஒவ்வொன்றாக ஏன் என்று கேட்டோம். பாதி மருந்துச் செலவு. அந்தச் சிறு பையனுக்கு மூச்சிரைப்பு இருக்கிறது என்பது அந்தச் சிவப்பு வரிகளில்தான் எங்களுக்குத் தெரிந்தது. அதன் பிறகு அரசு மருத்துவமனையில் பதிவு செய்து கொடுத்தோம்.

கடன் 50 வாரத்தில் முடிய வேண்டியது 73 வாரம் ஆயிற்று. முடிந்தது. இன்று அவர் 130 பொட்டலம் கட்டுகிறார், பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் கூலிக்கு வாழையிலை நறுக்கித் தருகிறார். நெத்திலியை என்னிடம் வாங்குவதில்லை. சௌரஸ்தா மார்க்கெட்டில் நேரடியாக ஐந்து கிலோவாக எடுக்கிறார். அவர் நோட்டு என் கடையில் இல்லாமல் போன நாளன்று நான் இரண்டு ரக்கஅத் தொழுதேன்.

எல்லாம் இப்படி நடக்கவில்லை. ஆறு பேருக்குக் கொடுத்ததில் இரண்டு கடைகள் நின்றுவிட்டன. ஒருவர் நோயில் விழுந்தார். இன்னொருவருக்குச் சமையல் வரும், ஆனால் காலையில் எழ வராது. அதை முன்கூட்டியே விசாரிக்காதது எங்கள் தவறு.

வேறொரு தவறையும் கண்ணால் பார்த்தேன். ஓர் உதவி அமைப்பு, பெயர் வேண்டாம், எங்கள் பகுதி இளைஞர் ஒருவருக்குப் பக்கவண்டியோடு பர்கர் கடை முழுசாகக் கொடுத்தது. புத்தம் புது இரும்புத் தகடு, பெயர்ப் பலகை எல்லாம் இருந்தது. சாவியைக் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். எங்கே நிறுத்துவது என்று யாரும் கேட்கவில்லை. மாநகர் மன்ற உரிமம் இல்லை. ரொட்டியும் இறைச்சியும் வாங்க ஒரு காசு கொடுக்கவில்லை. இரண்டு முறை விரட்டப்பட்டார். நான்கு மாதத்தில் அந்த வண்டி மாடிப்படிக்குக் கீழே துருப்பிடித்து நின்றது, பிள்ளைகள் அதில் சைக்கிளைச் சாய்த்து வைத்தார்கள். அந்தப் பையனைச் சோம்பேறி என்று ஊர் பேசியது. அந்தப் பேச்சை அவன் சுமந்ததுதான் எனக்கு இன்றும் வலிக்கிறது.

இது எதுவும் நான் கண்டுபிடித்த புதுசு இல்லை. 1986இல் நம் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்து டேவிட் கிப்பன்ஸும் சுக்கோர் காசிமும் வங்காளதேசத்துக் கிராமின் வங்கி முறையைப் பார்த்து வடமேற்குச் சிலாங்கூரில் ஏழைகளுக்குச் சிறுகடன் கொடுத்துச் சோதித்தார்கள். அதிலிருந்துதான் 1987இல் அமானா இக்தியார் என்ற சிறுகடன் அமைப்பு பிறந்தது. பத்திரம், பிணை இல்லாமல் பெண்கள் குழுவாகச் சேர்ந்து, வாரா வாரம் கூடி அடைக்கிற முறை. நாங்கள் சனிக்கிழமை உட்கார்ந்ததும் அதே மாதிரிதான். நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2020இல் தொடங்கிய ஐதெக்காட் திட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஸக்காத், ஸதகா, ரொக்க வக்ஃபு (நிரந்தர அறக்கொடை) ஆகியவற்றிலிருந்து தொடக்க முதல், அதோடு வங்கியின் சிறுகடன், அதோடு வியாபாரப் பயிற்சி மூன்றும் சேர்ந்து வரும். சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் ஸக்காத் அமைப்புகள் தகுதியுள்ளவர்களை வியாபாரிகளாக்கும் திட்டம் வைத்திருக்கின்றன. இங்கே பினாங்கிலும் ஸக்காத் பினாங்கிடம் வியாபார உதவிக்கு விண்ணப்பிக்கலாம்.

அப்படியானால் நம் தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் ஏன் போவதில்லை? எனக்குத் தெரிந்த வரை, முதலில் கூச்சம். பெரிய வியாபாரக் குடும்பத்துப் பெயர், விண்ணப்பம் நீட்டினால் சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்ற பயம். அடுத்தது தாள். ஹத் கிஃபாயா என்று ஒரு கணக்கு இருக்கிறது. வாடகை, சாப்பாடு, பிள்ளைகளின் படிப்பு, மருந்து, பயணம் எல்லாவற்றையும் கூட்டி ஒரு குடும்பத்துக்கு மாதம் எவ்வளவு தேவை என்று பார்த்து, வருமானம் அதற்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்று பார்ப்பார்கள். நியாயமான முறை. ஆனால் அதற்கு மலாயில் பாரம் (விண்ணப்பப் படிவம்) நிரப்ப வேண்டும், இறப்புச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, வாடகை ரசீது வேண்டும். ஊரிலிருந்து கல்யாணமாகி வந்து இன்னும் குடியுரிமை இல்லாமல் நிரந்தரவாசிக்கான சிவப்பு அட்டையில் இருக்கிற பெண்கள் முதல் பக்கத்திலேயே திரும்பிவிடுகிறார்கள். எதிர் பிளாக்குத் தங்கைக்கு மூத்த பிள்ளைகளின் உதவித்தொகைக்காக நாங்கள் பாரம் நிரப்பிய அன்று, மூன்று தடவை பள்ளிவாசலுக்கும் வீட்டுக்கும் நடந்தோம். ஒவ்வொரு தடவையும் ஒரு தாள் குறைந்தது. பாரம் நிரப்பிக் கொடுக்க ஒரு ஆள் இருந்தால் போதும், பாதி வேலை முடிந்துவிடும்.

ஆகவே ஒவ்வொரு தமிழ் ஜமாஅத்திலும் ஒரு மேசை போடுங்கள் என்று கேட்கிறேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பின் ஒரு மணி நேரம். மலாய் நன்றாக எழுதத் தெரிந்த இரண்டு இளைஞர்கள், கணக்கு தெரிந்த ஒரு ஓய்வுபெற்ற வியாபாரி, பெண்களிடம் பேச ஒரு பெண். கட்டுபவர்களுக்கும் அதே மேசையில் சொல்லித்தரலாம். முகப்பில் கட்டி ரசீது வாங்கினால் தனிநபருக்கு அந்தத் தொகை வருமான வரியிலிருந்தே கழியும், நிறுவனத்துக்கு மொத்த வருமானத்தில் 2.5 விழுக்காடு வரை கழிவு உண்டு. இதுகூடத் தெரியாமல் கையிலேயே கொடுத்து முடிக்கிற கடைக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். கோலாலம்பூரில் வக்காலா முறை இருக்கிறது. நிறுவனம் கட்டிய ஸக்காத்தில் ஒரு பங்கு அதனிடமே திரும்பி வந்து, விதிப்படி ஏழைகளைத் தேடிக் கொடுக்கலாம். பெரிய நாசிக் கண்டார் உணவக நிறுவனங்கள் நினைத்தால் அந்த வழியில் எத்தனை ஒட்டுக்கடைகளைத் தூக்கி நிறுத்தலாம்.

ஒன்றை மட்டும் பிரித்து வைக்க வேண்டும். ஸக்காத்தை வாங்குபவருக்கு முழுச் சொந்தமாக்கிவிட வேண்டும் என்பதே பெரும்பாலான உலமாக்களின் கருத்து, கடனாகக் கொடுத்துத் திரும்ப வாங்குவதற்கு இல்லை. ஆகவே கடன் கொடுக்க ஸதகாவையும் வக்ஃபு வருமானத்தையும் தனியாக வையுங்கள். தமிழ்நாட்டில் பல ஊர் ஜமாஅத்துகள் பைத்துல்மால் என்ற பொது நிதி வைத்து, நகையை ஈடாகப் பெற்று வட்டியில்லாமல் கடன் கொடுக்கின்றன. நம் முன்னோர் ஊர்களில் நடப்பது நமக்கு ஏன் முடியாது? ஸதகாவுக்கு மதம் பார்க்க வேண்டியதில்லை. எங்கள் ஆறு பேரில் ஒருவர் முறுக்கு சுட்டு விற்கிற இந்துப் பெண்மணி. தவணையை ஒரு வாரம்கூடத் தவறவிட்டதில்லை.

வக்ஃபு என்றதும் இன்னொன்று. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலை 1801இல் காதர் முகைதீன் எழுப்பினார். அதைச் சுற்றி வக்ஃபு நிலமும் கடைகளும் உண்டாயின. அவருக்குப் பின் வந்த நம் வியாபாரிகளும் தங்கள் கடைகளை, வீடுகளை எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். இன்று அவை மாநில இஸ்லாமிய மன்றத்தின் பொறுப்பில் இருக்கின்றன. ஜார்ஜ்டவுன் 2008இல் உலக மரபுரிமை நகரமான பிறகு பழைய கடைகள் பலவற்றில் காப்பிக் கடையும் விடுதியும் வந்துவிட்டன. சில வக்ஃபு கடைகளின் அஞ்சடியில் (கடை முன்னுள்ள கூரையிட்ட நடைபாதையில்) மட்டுமாவது, ஸக்காத் முதல் பெற்ற புது வியாபாரிகளுக்கு இரண்டு வருடம் குறைந்த வாடகைக்கு இடம் ஒதுக்குங்கள் என்று மன்றத்தை வேண்டுகிறேன். மாடிப்படிக்குக் கீழே துருப்பிடித்த அந்த வண்டிக்கு இருந்த ஒரே குறை நிற்க ஓர் இடம்தான்.

என் வாப்பா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தபோது கையில் ஒன்றுமில்லை. ஊர்க்காரர் ஒரு முதலாளி இரண்டு மூட்டை அரிசியும் ஒரு டின் எண்ணெயும் கடனாகக் கொடுத்து, விற்றுக் கொடு என்றார். வட்டி இல்லை, தாள் இல்லை. வெள்ளிக்கிழமை தோறும் கணக்கை மட்டும் காட்ட வேண்டும். 1969இல் பினாங்கின் தீர்வையற்ற துறைமுகத் தகுதி போய்த் துறைமுகத்தை நம்பிய வியாபாரம் படுத்தபோதும், அதே முதலாளிதான் மறுபடி சரக்கு இறக்கிக் கொடுத்தார். நான் படித்தது, கடை வைத்தது, மகனுக்குக் கொடுத்தது எல்லாம் அந்த இரண்டு மூட்டையிலிருந்து வந்தவை. பினாங்கில் பழைய தமிழ் முஸ்லிம் கடைகளில் கேட்டுப் பாருங்கள், பல குடும்பங்களில் இப்படி ஓர் இரண்டு மூட்டைக் கதை இருக்கும்.

அடுத்த ரமலானுக்கு முன், ஷஅபான் மாதத்துக்குள் ஏதாவது ஒரு ஜமாஅத் அந்த மேசையைப் போட்டால், சனிக்கிழமை அசருக்குப் பிறகு நான் வந்து உட்காரத் தயார். என் மனைவியும் வருவார். நோட்டும் சிவப்புப் பேனாவும் நாங்களே கொண்டு வருகிறோம். பிஸ்கட் டின்களும் பத்துப் பன்னிரண்டு கழுவிக் காயவைத்து எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மளிகைக் கடைக்காரர்,
டத்தோ கிராமட், பினாங்கு